பக்கி

முந்தின நாள் மாலை எஞ்சினிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய ஆயிலின்மேல் ஆடை கட்டியிருந்தது. காய்ச்சி ஆறவிட்ட பாலின்மேல் படியுமே, அதே மாதிரி. மெல்லியதாக, சுருக்கம் சுருக்கமாக, நடுவில் லேசாக உப்பி. ஷெட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த துண்டை எடுக்க வந்தவள் குனிந்து பார்த்தாள். எத்தனை நாள் திறந்து கிடந்தாலும் ஆயிலில் தூசிதான் படியும், ஆடை படியாது. வெல்டிங் ராடின் மிச்சத் துண்டு ஒன்று காலடியில் கிடந்தது. அதை எடுத்து ஓரத்தில் குத்தித் தூக்கினாள். ஆடை கிழியாமல் நீண்டு கூடவே வந்தது. அடியிலிருந்து எழுந்தது கருகின எண்ணெயின் வாடை இல்லை. மூன்று நாள் ஜுரத்தில் பல் துலக்காமல் படுத்திருந்தவன் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து கொட்டாவி விட்டால் எப்படி இருக்கும், அப்படி.

நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். சளியும் சீழும் மலமும் வரும் டப்பாக்களைக் காலை ஏழு மணியிலிருந்து திறந்து மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த மேஜையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவள். அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு விலகினாள். தொட்டது ராடுதான், கையில்லை என்று தெரிந்தும் குழாயடியில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"என்னங்க, அந்த ஆயில் கெட்டுப்போயிருக்கு."

"கெட்டுப்போக அது என்ன பாலா?" ஷேவ் செய்துகொண்டிருந்த கணவன் கண்ணாடியைப் பார்த்தபடியே சிரித்தான். "தண்ணி கலந்திருக்கும். நீ உன் லேப்ல கண்டதையும் பார்த்துட்டு வந்து வீட்லயும் அதையே தேடற."

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி செய்து பார்க்கவேண்டும் என்று நாலு வருட ஆசை. வாங்குகிற வண்டி அல்ல. கூரையும் கதவும் கண்ணாடியும் இல்லாமல், வளைத்த இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு, அதற்குள் இரண்டு சீட்டு, பின்னால் எஞ்சின், தடித்த டயர் நான்கு. சேறு, மணல்மேடு, பாறை எதிலும் ஏறி இறங்கும். பக்கி என்று அதற்குப் பெயர். வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவளுடைய அண்ணன், கூண்டு கட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட அன்று அந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"பக்கியா? நான் மறுசோறு கேட்டா என் பொண்டாட்டி என்னைக் கூப்பிடற பேரு மாப்ள அது!"

"இதுவும் பெட்ரோலைக் குடிச்சுக் குடிச்சுக் கேட்கும் மச்சான். பேரு பொருத்தம்தான்."

எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றைத் தாங்கிய அடிச்சட்டமும் பழைய இரும்புக் கடையில் கிடைத்தவை. மூன்றும் ஒன்றாக, எந்த வண்டியிலிருந்து வந்தவை என்ற அடையாளமே இல்லாமல், கடையின் கடைக்கோடியில் தனியாகக் கிடந்தன. அவளும் அன்று கூடப் போயிருந்தாள். மற்ற இரும்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்க, இதைச் சுற்றி மட்டும் நாலடிக்கு வெறுந்தரை. எந்த வண்டியோடது என்று கணவன் கேட்டதற்குக் கடைக்காரர், "நான் கடையை எடுத்தப்பவே இங்கதான் இருந்துச்சு" என்றார். விலை பேசக்கூட நிற்கவில்லை. நீளச் சங்கிலியில் கொக்கி மாட்டி லாரியில் ஏற்றும்வரை காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் நின்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். தூசிக்காக என்று அவள் நினைத்தாள்.

ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு மரக்கதவு. முதல் வாரத்திலேயே அந்த வாய் நாற்றம் கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்கு வந்துவிட்டது. கதவின் அடியில் ஈரத்துணி சுருட்டி வைத்தாள். ஊதுவத்தி கொளுத்தினாள். ஊதுவத்தி வாசமும் அதுவும் சேர்ந்து இன்னும் மோசமாக, பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி ஆயிற்று. அரிசி களைந்த தண்ணீரில், துடைத்து வைத்த தட்டில், அவள் தலைமுடியில்கூட அது இருந்தது. இரண்டு வாய்க்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. கணவன் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஷெட்டுக்குப் போனான்.

ஷெட்டின் சுவரில் காற்றுக்காக ஒரு கம்பிவலை ஜன்னல் உண்டு. ஒரு நாள் வெளியிலிருந்து பார்த்தபோது வலை கறுப்பாக இருந்தது. கிட்டப் போனாள். ஈக்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, சிறகு உரசுகிற சின்னச் சத்தத்தோடு, வலை முழுக்க. வலையின் கீழ்மூலையில் கைமுஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்த வழியாக ஒரு ஈயும் உள்ளே போகவில்லை. அழுகின எதற்குள்ளும் புகுகிற ஜாதி, வாசலோடு நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து கூண்டின் குழாய்களை அடிச்சட்டத்தோடு பற்றவைத்தான். அவன் போடும் வெல்டிங் பார்க்க அழகாக இருக்கும். மீன் செதில் அடுக்கின மாதிரி சீராக மேடிட்டு நிற்கும். மத்தியானம் ஒரு குழாயை அறுத்துத் தூக்கும்போது அதன் விளிம்பு அவன் வலது உள்ளங்கையைக் கிழித்தது. குரல் கேட்டு ஓடி வந்தவள் கண்ணில் பட்டது, அவன் கையிலிருந்து ரத்தம் ஒழுகி அடிச்சட்டக் குழாயின் திறந்த வாய்க்குள் இறங்குவதுதான். கையைப் பிடித்து இழுத்து, துணி வைத்து, பலம் கொண்டமட்டும் அழுத்தினாள்.

"விடு பாப்பா, சின்னக் கீறல்தான்."

"சின்னக் கீறலா? சதை தெரியுது. அசையாம உட்காரு."

நாற்பது வயதானாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். கட்டுப் போட்டு முடித்து, ரத்தத்தைத் துடைக்க வாளியோடு திரும்பினாள். துடைக்க ஒன்றும் இல்லை. தரையில் சொட்டு இல்லை, இரும்பில் கறை இல்லை. அவ்வளவு ரத்தம் போன இடம் பளபளவென்று ஈரமாக, நக்கி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். வெல்டிங் போட்ட இடங்களில் செதில் மேடு அமுங்கிப்போய், இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக இருந்தது. ஆபரேஷன் தழும்பு ஆறி வரும்போது அப்படித்தான் இருக்கும். ரத்தம் எடுக்கப் போகும் வார்டுகளில் எத்தனையோ வயிறுகளில் பார்த்திருக்கிறாள். விரல் நுனியால் தொட்டாள். குளிர்காலத்துக் காலை, தரை ஜில்லென்று இருந்தது. குழாய் கதகதப்பாக இருந்தது. வெயில் பட்ட இரும்பின் சூடு அல்ல. போர்வைக்குள் இருக்கும் கால் மாதிரி.

அன்றைக்கு மாலை கணவனிடம் தெளிவாகவே சொன்னாள். "எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பா இருக்குங்க. எடுத்த இடத்துலயே போட்டுட்டு வந்துடுங்க. வேற எஞ்சின் கிடைக்காதா?"

"இது மாதிரி கிடைக்காது," என்றான். கியர்பாக்ஸின் மூடியைக் கழற்றி அதன் வாய்க்குள் விரலை விட்டுச் சுற்றி வழித்துக்கொண்டிருந்தான். விரலில் கறுப்பாக, கோழையாக, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வாயில் வைத்துச் சப்பினான்.

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"எல்லா மெக்கானிக்கும் பண்றதுதான். டேஸ்ட் பார்த்தா எந்த கியர்ப் பல்லு தேஞ்சிருக்குன்னு தெரியும்." உதட்டோரத்தில் இருந்ததையும் நாக்கால் வழித்து உள்ளே இழுத்துக்கொண்டான். "ஒண்ணும் தேயல. போன வாரம் பாதியா இருந்த பல்லுகூட முழுசா வந்திருக்கு. வந்து பாரேன்."

அவள் போய்ப் பார்க்கவில்லை. குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வரும்போது அவன் இரண்டாவது விரலையும் சப்பிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் அவள் கூடத்தில் தனியாகப் படுத்தாள். அவன் குளிப்பதை நிறுத்தியிருந்தான். தலையணை உறையில் அவன் கன்னம் பட்ட இடமெல்லாம் கறுத்த பிசுக்கு. டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டானாம். அண்ணனுக்குப் போன் செய்து கையைப் பற்றிக் கேட்டால், "வலியே இல்ல பாப்பா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றான். டாக்டரிடம் போ என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் போயிற்று.

வியாழக்கிழமை காலையில், கணவன் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, கையுறை மாட்டிக்கொண்டு, சாம்பிள் டப்பா ஒன்றில் அந்தக் கறுப்புக் கோழையைக் கொஞ்சம் எடுத்தாள். டப்பாவை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டினாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலுக்கடியில் வைத்தாள். பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

மத்தியானக் கூட்டம் குறைந்ததும் ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். இரும்புத்தூள் தெரியும், தண்ணீர்க் குமிழ் தெரியும், ஒருவேளை பூஞ்சை தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருகைத் திருப்பத் திருப்பப் படம் தெளிவானது.

செல்கள். அடை அடையாக, தினமும் எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போன அதே வெள்ளையணுக்கள். நடுவில் சிவப்பணுக்கள் கொஞ்சம், சப்பிப்போய். எண்ணெயில் மணிக்கணக்காக ஊறினால் அவை செத்துக் கிடக்கவேண்டும். இவை ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வெள்ளையணு தன்னை நீட்டி நீட்டி ஒரு சிவப்பணுவைத் துரத்தியது, வளைத்தது, உள்ளே இழுத்துக்கொண்டது. உடனே அடுத்ததைத் தேடியது.

கூட வேலை பார்ப்பவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரோட சாம்பிள்க்கா? இவ்ளோ இன்ஃபெக்‌ஷனா? ஆள் பிழைக்கமாட்டாரே."

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து நின்றது. அண்ணிக்குச் செய்தாள்.

"உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கார். உனக்குத் தெரியாதா?" அண்ணியின் குரலில் கோபம் இருந்தது. "காலையில உன் வீட்டுக்காரர் கூப்பிட்டாராம், இன்னிக்கு வண்டியை ஸ்டார்ட் பண்றாங்களாம். அந்தக் கையை வச்சுக்கிட்டுப் போகாதீங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். சீழும் இல்ல, ரத்தமும் இல்ல. வாயைத் திறந்து வச்ச மாதிரி அப்படியே இருக்கு. கிட்டப் போனா பெட்ரோல் வாடை அடிக்குது. நீ லேப்ல இருக்கறவதானே, என்ன ஏதுன்னு பார்க்கக்கூடாதா?"

அவள் பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

வீட்டுத் தெருவில் இறங்கும்போது மணி நாலு. மழை பெய்து ஓய்ந்து, வெளுத்த வெயில் அடித்தது. ஷெட்டின் ஷட்டர் கீழே இறங்கியிருந்தது. உள்ளே எஞ்சின் ஓடும் சத்தம். நல்ல எஞ்சினின் சத்தம் எப்படி இருக்கும் என்று கணவன் சொல்லி அவளுக்குத் தெரியும். சீராக, வறண்டு கேட்கும். இது ஈரமாகக் கேட்டது. கூழை உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி. இடையிடையே ஒரு பெருமூச்சு.

சமையலறை வழியாக உள்ளே போனாள். கதவோரம் கால் இடறியது. அட்டைப்பெட்டி. அதற்குள் புதுப் பெட்ரோல் டேங்க், சுற்றின பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல்.

டேங்க் இல்லாமல் எஞ்சின் எதைக் குடித்து ஓடுகிறது?

கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. சூடாக. ஈரமாக.

கணவன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பெல்ட் போட்டிருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். பல்லிடுக்கெல்லாம் கறுப்பு.

"வந்துட்டியா? கேளு, எப்படி ஓடுது பாரு."

"அண்ணன் எங்க?"

"அடியில."

வண்டிக்கடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணனின் செருப்பு. மெக்கானிக்குகள் படுத்துக்கொள்ளும் சக்கரப் பலகையில் மல்லாந்திருந்தான். அவள் மண்டியிட்டுக் குனிந்தாள்.

"அண்ணா."

வலது உள்ளங்கையை மேலே தூக்கி அடிச்சட்டத்தைப் பிடித்திருந்தான். பிடித்திருக்கவில்லை. கையும் குழாயும் சேர்கிற இடத்தில் கோடு இல்லை. இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக, ஆறிய தழும்பு. தோல் இரும்பாகிற இடம் எதுவென்று தெரியவில்லை. முழங்கைவரை கை சூம்பியிருந்தது. காற்றுப் போன டியூப் மாதிரி. கன்னம் ஒட்டி, கண் மூடியிருந்தது. முகத்தில் வலி இல்லை. பால் குடிக்கும் குழந்தையின் முகம்.

காலைப் பிடித்து இழுத்தாள். பலகை உருண்டது. அண்ணனின் கை நீண்டது. அன்று ஆயிலின்மேல் இருந்த ஆடை நீண்டதைப் போல, கிழியாமல்.

"இழுக்காத பாப்பா," என்றான், கண்ணைத் திறக்காமல். "அதுக்கு வலிக்கும்."

மேலே கணவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் உறுமியது. அண்ணனின் தொண்டை ஏறி இறங்கியது. கட்டக். எதையோ விழுங்கினான். மறுபடி மிதி. மறுபடி கட்டக்.

"நிறுத்துங்க! காலை எடுங்க அதுலேர்ந்து!"

"எடுக்க வரலையே," என்றான் கணவன். வருத்தமே இல்லாமல். அவள் பெடலைப் பார்த்தாள். செருப்பில்லாத கால். விரல்கள் இல்லை. பாதம் பெடலில் வழிந்து இறுகியிருந்தது, உருகின மெழுகு மாதிரி.

அவள் அலறவில்லை. அலறுகிற நேரம் இல்லை. மூளை பரிசோதனைக் கூடத்து மூளையாக மாறியது. அண்ணனைக் குழாயிலிருந்து பிரிக்க முடியாது. குழாயை வண்டியிலிருந்து பிரிக்கலாம். கைக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. துண்டோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மேஜையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர். ஒயரைச் சொருகினாள். பொத்தானை அழுத்தினாள். தகடு சுழன்றது. அண்ணனின் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

தீப்பொறி வரவில்லை.

இரும்பு அறுபடும் கீச்சொலி வரவில்லை. இளகினதில் இறங்குகிற மாதிரி தகடு இறங்கியது. சூடான ஈரம் அவள் முகத்தில் தெறித்தது. கண்ணில். மூக்கில். உதட்டில். உப்பு.

கத்தினார்கள். அண்ணனும் கணவனும். இரண்டு வாய், ஒரே குரல். ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் மூச்சு வாங்கி மறுபடி. கிரைண்டர் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் சுழன்றது.

குழாயின் வெட்டு திறந்தது. உள்ளே வெற்றிடம் இல்லை. சிவப்பு. சதை. துடித்துத் துடித்து ரத்தம் கொட்டியது. துடிப்புக்கு ஒரு தடவையாக அண்ணனின் முகம் வெளுத்தது. உதடு நீலமானது.

"பாப்பா," என்றான். "பாப்பா, போகுது."

ரத்தம் கொட்டினால் அழுத்தவேண்டும். பதினோரு வருடக் கை. யோசிக்கவில்லை அது. கையுறை தேடவில்லை. துணி தேடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வெட்டின்மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

நின்றது. உடனே நின்றது.

அண்ணனின் உதட்டில் நிறம் திரும்பியது. கணவன் பெருமூச்சு விட்டான். எஞ்சின் சமாதானமாகி மெல்ல ஓடியது. உள்ளங்கைக்கடியில் கதகதப்பு. அந்தக் கதகதப்புக்குள் சின்னதாக, மிருதுவாக, ஏதோ ஒன்று அவள் தோலை நுனியால் தடவிப் பார்த்தது. இந்த இடத்தில் ஒரு தடவை. அந்த இடத்தில் ஒரு தடவை. பிறகு கவ்வியது.

கையை இழுத்தாள். வரவில்லை.

கணவன் மிதித்தான்.

அண்ணனின் தொண்டை ஏறி இறங்கியது. கணவனின் தொண்டை ஏறி இறங்கியது. அவள் பல்லைக் கடித்தாள். உதட்டை இறுக்கினாள். கழுத்தை இரும்பாக்கிக்கொண்டு மூச்சைக்கூட நிறுத்தினாள்.

உள்ளேயிருந்து ஊறி வந்து வாய் நிறைந்தது. சூடாக, கோழையாக, உப்பாக. அவள் விழுங்கினாள்.